எலெக்ட்ரிக் கிட்டார் உடலுக்கு எந்த மரம், ஏன்?

எலெக்ட்ரிக் கிட்டார் விற்கிற எந்த இடத்துக்குப் போனாலும் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். மஹோகனி பாடி என்றால் ஒலி கதகதப்பாக இருக்கும். ஆஷ் என்றால் பளிச்சென்று இருக்கும். ஆல்டர் நடுநிலை, பாஸ்வுட் மென்மை, மேப்பிள் கூர்மை. எந்த மசாலா போட்டால் என்ன ருசி வரும் என்று சொல்கிற மாதிரி. விலையும் இந்தப் பட்டியலை ஒட்டித்தான் ஏறி இறங்கும்.

என் அக்கா பையன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. கிட்டார் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறான். அவன் பார்த்து வைத்த மாடல் இரண்டு விலையில் இருக்கிறதாம். விலை கூடின கிட்டாரில் பாடி மஹோகனி, குறைந்ததில் பாஸ்வுட். "மாமா, அந்த மரத்துக்காக இன்னும் நாலு மாசம் சேர்க்கணுமா?" என்று கேட்டான். அவனுக்குப் பதில் சொல்ல நான் எடுத்து வைத்த குறிப்புகளைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

சத்தம் எங்கே பிறக்கிறது?

முதலில் அடிப்படை. எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள் எஃகு, நிக்கல் மாதிரி காந்தம் இழுக்கக்கூடிய உலோகம். கம்பிகளுக்கு அடியில் பிக்கப் இருக்கும். பிக்கப் என்றால் ஒன்றும் பெரிய விஷயமில்லை. காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. அவ்வளவுதான். மேலே எஃகுக் கம்பி ஆடும்போது காந்தப்புலம் மாறும். புலம் மாறினால் செம்புச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். 1831ல் ஃபாரடே கண்டுபிடித்த அதே விதி. இந்தச் சின்ன மின்சாரம் கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குப் போய், ஸ்பீக்கரில் சத்தமாக வெளியே வருகிறது.

இந்தப் பாதையில் மரம் எங்கே இருக்கு என்று தேடிப் பாருங்கள். இல்லை. எலெக்ட்ரிக் கிட்டாரில் நைலான் கம்பி கட்டினால், உலகத்திலேயே உயர்ந்த மஹோகனியாக இருந்தாலும் ஸ்பீக்கரிலிருந்து சத்தம் வராது. காந்தத்துக்கு நைலான் தெரியாது.

அப்போ மரத்துக்கு வேலையே இல்லையா? இருக்கு. ஆனால் அது நாம் நினைக்கிற வேலை இல்லை.

கொடுப்பதும் எடுப்பதும்

சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரில் மேல் பலகை சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன்தான். கம்பியின் அதிர்வை அது வாங்கி, காற்றை ஆட்டுகிறது. கம்பி தனியாக ஆடினால் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. அங்கே மரம்தான் ஸ்பீக்கர். வீணையின் பலாமரக் குடமும் இந்த வகைதான். எந்த மரம், எத்தனை தடிமன், எப்படிக் காய்ந்தது என்பதெல்லாம் அதன் சத்தத்தில் நேரடியாகத் தெரியும்.

எலெக்ட்ரிக் கிட்டாரின் பாடி வழக்கமாக 44 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கட்டை. இதன் வேலை கம்பியின் இரண்டு முனைகளையும் அசையாமல் பிடித்துக்கொள்வது. முனை அசைந்தால் கம்பியின் சக்தி கொஞ்சம் கொஞ்சமாக மரத்துக்குள் ஒழுகிப் போகும். ஒழுகிப் போனது பிக்கப்புக்குக் கிடைக்காது. அதாவது இங்கே மரம் சத்தத்துக்கு எதையும் சேர்ப்பதில்லை. எடுத்துக்கொள்ள மட்டும்தான் முடியும். ஓர் அலைவரிசையில் கூடுதலாக எடுக்கும், இன்னொன்றில் குறைவாக எடுக்கும். மரத்துக்கு மரம் வித்தியாசம் என்று ஒன்று உண்டென்றால் அது இந்த எடுப்பதில்தான் இருக்க வேண்டும்.

லெஸ் பால் என்கிற அமெரிக்கக் கலைஞர் இதைச் சின்ன வயதிலேயே பிடித்துவிட்டார். ஒரு தண்டவாளத் துண்டின் மேல் கம்பியை இழுத்துக் கட்டி, அடியில் டெலிபோனின் ஒரு பாகத்தை வைத்துக் கேட்டதாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். இரும்பு அசையாது, அதனால் கம்பி நீண்ட நேரம் பாடியது. தண்டவாளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடை ஏற முடியாது என்பதுதான் பிரச்சினை.

இந்த எடுப்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1990களில் ஜெர்மனியில் ஹெல்முட் ஃப்ளைஷர், டில்மான் ஸ்விக்கர் என்ற இரண்டு பேர், கிட்டாரில் எந்த இடம் எவ்வளவு அசைகிறது என்று கருவி வைத்து ஆராய்ந்தார்கள். பிரிட்ஜ் இருக்கிற பக்கம், அதாவது பாடி, அநேகமாக அசைவதே இல்லை. அசைவது நெக். சில கிட்டார்களில் ஏதாவது ஒரு ஃப்ரெட்டில் மட்டும் சுரம் சட்டென்று செத்துப்போகும். 'டெட் ஸ்பாட்' என்பார்கள். அந்தச் சுரத்தின் அதிர்வெண்ணும் அந்த இடத்தில் நெக் இயல்பாக ஆடுகிற அதிர்வெண்ணும் ஒத்துப்போவதுதான் காரணம். ஆக, மரத்தின் குணம் கேட்கிறது என்றால் முதலில் கேட்க வேண்டியது ஒல்லியான நெக்கில். விலைப் பட்டியலில் நாம் காசு கொடுப்பதோ குண்டான பாடிக்கு.

மரமே இல்லாத கிட்டார்கள்

இது வெறும் தியரி இல்லை. எலெக்ட்ரிக் கிட்டாரின் சரித்திரமே இதற்குச் சாட்சி.

1932ல் விற்பனைக்கு வந்த முதல் எலெக்ட்ரிக் கிட்டாரின் பாடி வார்ப்பு அலுமினியம். பின்னால் ரிக்கன்பேக்கர் என்று பெயர் மாறிய கம்பெனி செய்தது. பிடி வைத்த தோசைக்கல் மாதிரி இருந்ததால் 'ஃப்ரையிங் பேன்' என்ற பட்டப்பெயர் நிலைத்துவிட்டது.

அதே லெஸ் பால் 1940 வாக்கில் 4 அங்குலத்துக்கு 4 அங்குலம் பைன் கட்டையில் ஒரு கிட்டார் செய்தார். அதன் பெயரே 'லாக்', அதாவது கட்டை. பார்க்கிறவர்களுக்கு அது கிட்டாராகத் தெரியவில்லை. அதனால் ஒரு பழைய கிட்டாரை இரண்டாக அறுத்து, இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி ஒட்டினார். சத்தத்துக்குக் கட்டை, கண்ணுக்கு இறக்கை.

1950களில் டேன்எலெக்ட்ரோ கம்பெனி பைன் சட்டத்தின் மேலும் கீழும் ஹார்டுபோர்டு அடித்துக் கிட்டார் செய்தது. மலிவு விலைச் சரக்கு. லெட் செப்பலினின் ஜிம்மி பேஜ் 'காஷ்மீர்' பாட்டை மேடையில் வாசித்தது இந்த ஹார்டுபோர்டு கிட்டாரில். 1969ல் டான் ஆம்ஸ்ட்ராங் வடிவமைத்த கிட்டாரின் பாடி கண்ணாடி மாதிரி தெரிகிற அக்ரிலிக். ரோலிங் ஸ்டோன்ஸ் கீத் ரிச்சர்ட்ஸ் அந்த வருஷச் சுற்றுப்பயணத்தில் அதை வாசித்தார்.

குயீன் குழுவின் பிரையன் மே கதை இன்னும் நன்றாக இருக்கும். 1963ல், பள்ளி மாணவனாக இருந்தபோது, அப்பாவுடன் சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செய்ய ஆரம்பித்தார். நெக்குக்கு ஒரு பழைய கணப்பு அடுப்பின் மஹோகனிச் சட்டம். பாடிக்கு ஓக் துண்டும், கதவு அலமாரிக்குப் போடுகிற பிளாக் போர்டு பலகையும். மேலே ஒட்டினது மட்டும் மஹோகனித் தகடு. குயீன் பாட்டுகளில் நாம் கேட்கிற அந்தக் கிட்டார் பெரும்பாலும் இதுதான்.

சமீப காலத்தில் நாஷ்வில் கிட்டார் கலைஞர் ஜிம் லில் யூடியூபில் ஒரு சோதனை செய்து காட்டினார். பாடியும் இல்லாமல் நெக்கும் இல்லாமல், கம்பிகளை அசையாத இரண்டு முனைகளுக்கு நடுவே அந்தரத்தில் இழுத்துக் கட்டினார். பிக்கப்பை அதே உயரத்தில், அதே தூரத்தில் வைத்தார். அவருடைய நல்ல கிட்டாரின் சத்தத்துக்கு மிக நெருக்கமாக வந்தது. கேட்டுப் பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இன்னும் நல்லது.

பிறகு ஏன் இதே மரங்கள்?

சத்தத்துக்காக இல்லையென்றால் மஹோகனி, ஆஷ், ஆல்டர் எப்படி வந்தன? எனக்கு இந்த ஆராய்ச்சியில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். பதில் பட்டறையில் இருக்கிறது.

லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1949ல் அவர் செய்த முதல் மாதிரியின் பாடி பைன். 1950ல் உற்பத்தி ஆரம்பித்தபோது ஆஷுக்கு மாறினார். அமெரிக்காவில் பேஸ்பால் மட்டை செய்கிற மரம் ஆஷ். ரேகைகள் எடுப்பாக இருக்கும். அரை வெளுப்பு வார்னிஷ் அடித்தால் அந்த ரேகை உள்ளிருந்து தெரியும், அழகாக இருக்கும். இதுதான் 1951 முதல் டெலிகாஸ்டர் என்று அழைக்கப்பட்ட கிட்டார்.

1954ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது, அதுவும் ஆஷ். 1956ல் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் வழக்கமான சன்பர்ஸ்ட் நிறத்துக்கு ஆல்டரைப் பிடித்தார்கள். ஆஷ் மரத்தில் துளைகள் பெரிசு. பாலிஷுக்கு முன்னால் அந்தத் துளைகளை அடைக்க வேண்டும், காய வைக்க வேண்டும், தேய்க்க வேண்டும். ஆல்டரில் துளைகள் மிக நுண்ணியவை, அந்த வேலை மிச்சம். அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் நிறையக் கிடைக்கிற மரமும்கூட. ரேகை வெளியே தெரிய வேண்டிய வெளுப்பு நிறத்துக்கு மட்டும் ஆஷ் தொடர்ந்தது. அதாவது உங்கள் கிட்டார் எந்த மரம் என்பதை முடிவு செய்தது அதன் பெயிண்ட்!

மிச்சிகன் மாநிலத்துக் கிப்சன் கம்பெனிக்கு வேறு பின்னணி. மாண்டலின், கிட்டார் என்று பல வருஷமாக மஹோகனியிலும் மேப்பிளிலும் வேலை செய்து பழகிய தச்சர்கள் அங்கே இருந்தார்கள். 1952ல் வந்த லெஸ் பால் மாடலில் அடியில் மஹோகனி, மேலே மேப்பிள் மூடி. அந்த மேப்பிள் மூடிதான் ஒலிக்குக் கூர்மை தருகிறது என்பார்கள். ஆனால் 1954ல் அதைவிட விலை உயர்ந்த கஸ்டம் மாடல் வந்தபோது மேப்பிளே இல்லை, முழுக்க மஹோகனி.

எடை இன்னொரு காரணம். ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் பாடியின் கனஅளவு தோராயமாக 4 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆல்டர் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 450 கிலோ. பாடி 1.8 கிலோ வரும். பாஸ்வுட் சுமார் 415 கிலோ, பாடி 1.7 கிலோ. மஹோகனி சுமார் 590, பாடி 2.4 கிலோ. கெட்டி மேப்பிள் சுமார் 705, பாடி 2.8 கிலோ. நெக், இரும்புச் சாமான்கள் எல்லாம் இதற்கு மேல். இரண்டு மணி நேரம் தோளில் தொங்கப்போகிற பொருளுக்கு ஒரு கிலோ என்பது பெரிய வித்தியாசம். 1980களில் கிப்சன் தன் மஹோகனி பாடிகளுக்குள் வெளியே தெரியாதபடி ஓட்டைகள் துளைத்து எடையைக் குறைத்தது. கனமான மஹோகனியால்தான் இந்த ஒலி என்று வாசித்தவர்களில் பலர் கையில் இருந்தது ஓட்டை போட்ட கட்டை.

பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது?

அப்படியானால் 'மஹோகனி கதகதப்பு, ஆஷ் பளிச்' என்று இத்தனை பேர் சொல்வது பொய்யா? அவர்கள் கேட்டது நிஜம்தான். காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

மஹோகனி கிட்டார் என்றால் பெரும்பாலும் கிப்சன் வகை. இரட்டைச் சுருள் ஹம்பக்கர் பிக்கப், ஆடுகிற கம்பியின் நீளம் சுமார் 628 மில்லிமீட்டர், ஒட்டப்பட்ட நெக். ஆஷ், ஆல்டர் என்றால் பெரும்பாலும் ஃபெண்டர் வகை. ஒற்றைச் சுருள் பிக்கப், 648 மில்லிமீட்டர் நீளம், திருகு போட்டு இறுக்கின நெக். ஹம்பக்கர் இரைச்சலை அடக்கும், உச்ச அலைவரிசைகளையும் கொஞ்சம் மழுக்கும். ஒற்றைச் சுருள் அவற்றை விட்டுவிடும். ஐந்தாறு விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்து மாறும்போது, கண்ணுக்குத் தெரிகிற ஒன்றின் பெயரை நாம் ஒலிக்கு வைத்துவிடுகிறோம். கண்ணுக்குத் தெரிவது மரம்.

இதற்கு நல்ல சாட்சி 1957. அதற்கு முன் லெஸ் பால் மாடலில் இருந்தது பி-90 என்கிற ஒற்றைச் சுருள் பிக்கப். அந்த வருஷம் ஹம்பக்கர் வந்தது. அதே மஹோகனி, அதே மேப்பிள் மூடி. இன்று நாம் 'மஹோகனி ஒலி' என்று சொல்கிற அந்தத் தடித்த ஒலி அதற்குப் பிறகுதான் கிடைத்தது.

அக்கா பையனுக்கு நான் சொன்னது இதுதான்: "நாலு மாசம் காத்திருக்காதே. குறைந்த விலைக் கிட்டாரை எடு. மிச்சமாகிற காசில் நல்ல ஆம்ப்ளிஃபயர் வாங்கு." ஸ்பீக்கர் மாறினால் தெருவில் போகிறவருக்குக்கூட வித்தியாசம் தெரியும். பிக்கப்பை ஒரு மில்லிமீட்டர் ஏற்றி இறக்கினாலே காதுக்குத் தெரியும், அதற்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். கடையில் பார்க்க வேண்டியது வேறு: எடை தோளுக்கு ஒத்துவருகிறதா, நெக் நேராக இருக்கிறதா, ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் சுரம் செத்துப்போகாமல் நிற்கிறதா, சுருதி நிற்கிறதா. பாஸ்வுட்டின் நிஜமான குறை ஒலியில் இல்லை. அது மெத்தென்ற மரம், சீக்கிரம் பள்ளம் விழும், திருகைக் கழற்றிக் கழற்றிப் போட்டால் பிடி தளரும். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

ஒன்றை மறுக்கமாட்டேன். மரம் கையில் கொடுக்கிற உணர்வு உண்மை. ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் வாசிக்கும்போது பாடி நெஞ்சில் அதிர்வது தெரியும், ஒவ்வொரு மரத்தில் ஒவ்வொரு மாதிரி. அந்த உணர்வு வாசிப்பவரின் விரலை மாற்றும். விருப்பப்பட்டு அதற்காகக் காசு கொடுக்கலாம், தப்பே இல்லை.

லேபிளில் இருப்பது என்ன?

கொடுப்பதற்கு முன் இன்னொன்று. 'மஹோகனி' என்பது ஒரே மரத்தின் பெயர் இல்லை. அசல் மஹோகனி மத்திய, தென் அமெரிக்காவின் ஸ்வீட்டெனியா. ஆப்பிரிக்க மஹோகனி என்று விற்பது காயா என்ற வேறு இனம். சப்பேலியும் அந்தக் குடும்பத்து உறவு. 'நேட்டோ' என்கிற ஆசிய மரத்தையும் 'கிழக்கத்திய மஹோகனி' என்று விற்கிறார்கள். அது இலுப்பை, சப்போட்டா குடும்பம், மஹோகனிக்குச் சொந்தமே இல்லை. 'ஸ்வாம்ப் ஆஷ்' என்பதும் தனி இனத்தின் பெயர் கிடையாது. அமெரிக்காவின் தெற்குச் சதுப்பு நிலங்களில் வளர்ந்த, எடை குறைந்த ஆஷ் கட்டைக்கு வியாபாரிகள் வைத்த பெயர். 1958ல் கிப்சன் 'கொரினா' என்று விளம்பரம் செய்தது ஆப்பிரிக்காவின் லிம்பா மரம்.

மரம் தீர்ந்துகொண்டு வருகிறது

பெயரைப் பிடித்துக்கொண்டு மரத்தைத் தேடுவதற்கு ஒரு விலை இருக்கிறது, அதைக் கொடுப்பது காடு. அமெரிக்க நாடுகளின் பெரிய இலை மஹோகனி கண்டபடி வெட்டப்பட்டதால், சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 2003 முதல் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் அந்தக் கட்டை நாடு தாண்ட முடியாது. கிட்டார் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. நாற்காலி மேசை தின்றதுதான் அதிகம். ஆனாலும் வரிசையில் கிட்டாரும் நிற்கிறது.

ஆஷின் கதை வேறு. ஆசியாவிலிருந்து வந்த, மரகதப் பச்சை நிறத்தில் ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ள ஒரு வண்டு, 2002ல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து குடைந்து, மரம் உணவு கடத்துகிற பாதையை அறுத்துவிடும். சில வருஷத்தில் மரம் நின்ற இடத்திலேயே காய்ந்துபோகும். கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் இப்படிப் போய்விட்டன. போதாததற்குச் சதுப்பு நிலங்களில் வெள்ளம் நீண்ட நாள் நின்று மரம் வெட்டவே முடியாமல் போனது. 2020ல் ஃபெண்டர் தன் பெரும்பாலான கிட்டார்களில் ஆஷை நிறுத்துவதாக அறிவித்தது. எழுபது வருஷப் பழக்கம்.

நின்றதும் கிட்டாரின் சத்தம் நின்றுவிட்டதா? இல்லை. ஆல்டரில் செய்கிறார்கள். சில மாடல்களுக்கு வறுத்துப் பதப்படுத்திய பைன் போடுகிறார்கள். 1949ல் லியோ ஃபெண்டரின் பட்டறையில் முதல் மாதிரிக்குக் கிடைத்ததும் பைன்தான். அன்றைக்குக் கையில் இருந்த மரத்தை எடுத்து அறுத்தார்கள். இன்றைக்கும் செய்ய வேண்டியது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: வேகமாக வளர்கிற, பக்கத்தில் கிடைக்கிற, நன்றாகக் காய்ந்த மரம் எதுவோ அதை எடுங்கள். மிச்சத்தைக் கம்பியும் காந்தமும் பார்த்துக்கொள்ளும்.